சிங்கத்தைப் படம் பிடிக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் 'சிங்கம்' போட்டால், சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து பார்க்கிற ஆள்தான் நானும். 2010-ல் வந்த படம். தூத்துக்குடிச் சீமையில் நல்லூர் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கம். 2013-ல் வந்த இரண்டாம் பாகம் தூத்துக்குடியையும் துறைமுகத்தையுமே களமாக்கியது. அந்த 'ஒன்றரை டன்' வசனம் உங்கள் வீட்டு வாண்டுகளுக்குக்கூட மனப்பாடமாக இருக்கும்.

படத்தை எடுத்த இயக்குநர் ஹரி, 2020 ஜூனில் ஓர் அறிக்கை விட்டார். போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். காரணம், சாத்தான்குளம். அதே தூத்துக்குடி மாவட்டம்!

நல்ல மனசு. ஆனால், எதற்கு வருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. துரைசிங்கம் அடிப்பதைவிட, அவர் அடிக்கும்போது நாமும் கூடவே நிற்கிறோமே, அங்கேதான் வில்லங்கம். வில்லன் என்னென்ன செய்தான் என்று நமக்கு முன்னாடியே காட்டியாகிவிட்டது. கேமரா தெருவுக்கும் வருகிறது, ஸ்டேஷனுக்குள்ளும் வருகிறது. அதனால் தப்பான ஆள் மேல் அடி விழுவதே இல்லை. திருப்தியாகக் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம்.

நிஜ ஸ்டேஷனுக்குள் நமக்காக எந்தக் கேமரா போகிறது, சொல்லுங்கள்?

2020 ஜூன் 19, ஊரடங்கு காலம். சாத்தான்குளத்தில் ஜெயராஜைப் போலீஸார் கூட்டிப் போனார்கள். செல்போன் கடை வைத்திருந்த மகன் பென்னிக்ஸ், அப்பாவைத் தேடி ஸ்டேஷனுக்குப் போனார். 22-ம் தேதி இரவு மகன் இறந்தார். விடிந்தால் அப்பாவும் இல்லை. நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள், போலீஸைத் திட்டினார்கள், தரையில் உருண்டு புரண்டதில் அவர்களாகவே காயம்பட்டுக்கொண்டார்கள் என்றது எஃப்.ஐ.ஆர்.

பக்கத்துக் கடையில் ஒரு சி.சி.டி.வி. இருந்தது. அதன் பதிவில் உருளலும் இல்லை, புரளலும் இல்லை. போலீஸ் எழுதிய கதையை முதலில் கிழித்தது அந்தச் சின்னக் கேமராதான்.

ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது சாமி! உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லி விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன், தன் அறிக்கையில் அதை எழுதினார். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். இடத்துக்குக் குறைவே இல்லை. ஆனால், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிகிற மாதிரி செட் பண்ணியிருந்தார்கள். 19-ம் தேதிப் பதிவு இல்லவே இல்லை. இதில் இன்னொரு கூத்து... மாஜிஸ்திரேட் விசாரித்துக்கொண்டிருந்தபோது, போலீஸார் அவரைச் செல்போனில் படம் பிடித்தார்களாம். படம் எடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது பார்த்தீர்களா? கடைசியில், அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உத்தரவிட்டது நீதிமன்றம்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: கல்லாவில் உட்காருகிறவரே கணக்கும் எழுதக்கூடாது. கல்லாக்காரர் திருடன் என்பதற்காக இல்லை. நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் அவரைக் காப்பாற்றவும் இன்னொருவர் எழுதிய புத்தகம் வேண்டும். இந்தக் கடற்கரைக்கு இது புதுசும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில், மூழ்கி எடுத்துவந்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாட்களுக்கு. பிரிப்பது அவர்கள், எது யாருக்கு என்று கை காட்டுவது அதிகாரி. பிறகு எப்படிக் குவியல் கூடக் குறைய இருக்கும்?

ஸ்டேஷன் கேமராவின் சாவி ஸ்டேஷனிலேயே இருந்தால் அது கல்லாக்காரர் எழுதும் கணக்கு. எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால், இரண்டாவது புத்தகம் நம் சட்டைப் பையில் இருக்கிறது.

"போலீஸைப் படம் எடுத்தால் கேஸ் போடுவாங்களே சார்..?"

பொது இடத்தில் கடமை செய்யும் போலீஸைப் படம் எடுப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலையைத் தடுத்தால்தான் குற்றம். காவல் நிலையம், அரசாங்க ரகசியச் சட்டம் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இடம்' இல்லை என்று 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, போலீஸ் சோதனை போட்டால் அதை வீடியோ எடுக்க வேண்டும், செல்போனில் எடுத்தால் இன்னும் நல்லது என்கிறது. அவர்கள் செல்போனுக்கு இருக்கிற மரியாதை நம் செல்போனுக்கு இருக்கக்கூடாதா என்ன?

எட்ட நில்லுங்கள். குறுக்கே போகாதீர்கள். அடிபட்டவரின் முகத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். அசல் பதிவை அழிக்காமல் வையுங்கள்.

வீடியோ இருந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று நான் கதை விடத் தயாரில்லை. 2018 மே 22 அன்று தொடங்கிய தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வேன் மேல் சாதாரண உடையில் துப்பாக்கியோடு நின்ற போலீஸ்காரரை நாடே வீடியோவில் பார்த்தது. மறுநாளே மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட் கட். 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்ன அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 அக்டோபர் ஆனது. கேமரா பார்க்கும், பேச மனுஷர் வேண்டும். சாத்தான்குளத்தில் அப்படிப் பேசியவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்ததை, சுற்றிலும் சக போலீஸார் இருக்கும்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். என்னைக் கேட்டால் நிஜச் சிங்கம் அவர்தான். அவருக்குத் துணையாகவாவது நம் கையில் ஒரு பதிவு இருக்கட்டுமே!

அடுத்த தடவை 'சிங்கம்' போட்டால் தாராளமாகப் பாருங்கள். ஸ்டேஷன் காட்சி வரும்போது மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிற பையனிடம் ஒன்று கேளுங்கள்: "இந்தக் கேமரா இல்லேன்னா, உள்ளே என்ன நடந்ததுன்னு நமக்கு எப்படிடா தெரியும்?"