மணலுக்குள் ஒரு கிணறு

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போய், செவிலிமேட்டில் பாலாற்றைக் கடப்பவர்கள் பாலத்தின் தளத்தைத்தான் பார்ப்பார்கள். என் ரசனையோ மணலுக்கு அடியில் இருப்பதில்.

இத்தகைய மணல் ஆறுகளில் தூண்களைத் தாங்கக் கிணற்று அஸ்திவாரம் போடுவது பழைய வழக்கம். நம் உறைக்கிணற்றின் அண்ணன் என்று சொல்லலாம். கீழே கூரான இரும்பு விளிம்பு. அதன்மேல் கான்கிரீட் வட்டச் சுவர். உள்ளே இருக்கும் மணலை கிரேனில் தொங்கும் கிராப் அள்ள அள்ள, சுவர் தன் எடையாலேயே இறங்கும். இறங்கியதும் மேலே இன்னும் கொஞ்சம் சுவர் எழுப்புவார்கள். சாய்ந்தால்? உயர்ந்து நிற்கும் பக்கத்தில் கூடுதலாக மணலை அள்ள வேண்டும், அல்லது அங்கே பாரம் ஏற்ற வேண்டும். கண்ணும் கையும் தேர்ந்தவர்கள் செய்கிற வேலை அது.

ஏன் இப்படி ஆழமாக இறக்க வேண்டும்? வறண்டு கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் எப்படி ஓடியது என்று பார்த்தோமே! வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று மணலைத் தோண்டிவிடும். வெள்ள மட்டத்திலிருந்து அந்த அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்கிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறக்குவது இந்தியப் பொறியாளர்களின் விதி. யமுனைக் கரையில் தாஜ்மஹாலும் இப்படிப்பட்ட கிணறுகளின் மேல்தான் நிற்கிறது. அந்தக் கிணறுகளைப் புகைப்படம் எடுக்க யாருக்கும் வழியில்லை, பாவம்.