கருவி கொடுத்தால் போதுமா?

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு உதவி என்றதும், சக்கர நாற்காலியும் செவிப்புலன் கருவியும் டெப்பும் வழங்கும் விழாக்களே நினைவுக்கு வருகின்றன. கருவிகள் தேவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கையளித்த கருவி அடுத்த தவணையிலும் அந்தப் பிள்ளையின் படிப்புக்கு உதவுகிறதா என்று பார்த்துத்தான் இந்த நடைமுறையை எடைபோட வேண்டும்.

நன்மை பெரிது. பார்வையற்ற மலையகப் பிள்ளை படிக்க வேண்டுமானால் இரத்மலானை, யாழ்ப்பாணத்துக் கைதடி போன்ற தொலைவிலுள்ள விசேட பாடசாலைக்குப் போய், பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்க வேண்டும் என்ற நிலையை மாற்றும் வலிமை தொழில்நுட்பத்துக்கு உண்டு. மைக்கல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் கணினித் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. தோட்டக் குடியிருப்பான லயத்தில் அண்ணன் தங்கையோடு வளரும் பிள்ளை, அவர்கள் போகும் பாடசாலைக்கே போகலாம். யாராவது வாசித்துக் காட்டும்வரை காத்திராமல் தானே படிக்கலாம். அந்தத் தன்னிறைவுக்கு ஈடில்லை.

குறை கருவியைவிடப் பாடத்தில்தான் அதிகம். இலங்கையில் வினாத்தாள்களையும் ஆசிரியர் குறிப்புகளையும் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிவிட்டோம். பாமினி கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசை. தமிழ் 1991இலேயே யூனிகோட்டில் இடம்பெற்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாமினியை விடாதிருந்தால், எத்தனை மடிகணினி கொடுத்தாலும் பார்வையற்ற பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் போய்ச் சேராது.

அடுத்தது மலைநாட்டின் நிலம். படிக்கட்டுகளும் செங்குத்தான ஏற்றங்களும் உள்ள தோட்டத்தில், சமதளத்துக்குச் செய்த சக்கர நாற்காலி லயத்து வாசலோடு நின்றுவிடும். மாதக்கணக்கில் நீடிக்கும் ஈரம் செவிப்புலன் கருவியைக் கெடுக்கும். அதைப் பழுதுபார்க்க நகரத்துக்குப் போனால், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லை. இலவசமாக வந்த கருவியைப் பேண ஆகும் செலவு இப்படி ஏழைக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கருவியை இயக்கவும் அதற்கேற்பப் பாடத்தை அமைக்கவும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லையென்றால், அது அதிபர் அறை அலுமாரியில் பூட்டிக் கிடக்கும்.

“ஒன்றுமில்லாத இடத்தில் கிடைத்ததை ஏற்றுக்கொள்வதுதானே சரி?” என்று கேட்கலாம். பற்றாக்குறை உண்மைதான். உலகில் 250 கோடிக்கும் அதிகமானோருக்கு உதவிக் கருவி தேவை என்றும், அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையில் கூறின. ஆனால் கருவியோடு பயிற்சி பெற்ற பணியாளர், வழங்கல் சேவை, கொள்கை ஆகியவையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் அதே அறிக்கை வலியுறுத்துகிறது. பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் ஒரு கருவிகூட வீணாகக் கூடாது.

கல்வி நிறுவன அனுமதியில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இயலாமையுடையோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. ஆகவே இந்த உதவி பிள்ளையின் உரிமை.

வலயக் கல்விப் பணிமனைகள் அதிகம் செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம்: எல்லா வினாத்தாளும் குறிப்பும் இனி யூனிகோட்டில் மட்டுமே என்று அறிவிக்கட்டும். கருவி வழங்குவோர் அதன் விலையோடு பராமரிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கட்டும். இவை இரண்டும் நடக்காதவரை, கருவி வழங்கும் விழாக்களைக் கல்விச் சேவை என்று கணக்கில் எழுத நமக்கு உரிமை இல்லை.