கையொப்பம் தேவையில்லை

வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீட்டு ரசீது, நிலுவைத் தொகை கேட்டு வரும் கடிதம், எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இது கணினியில் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை. யாரும் இதை எழுதவில்லை என்று காகிதமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்கு மேலே உள்ள வரிகள் நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. கட்டு, விளக்கம் கொடு, இல்லாவிட்டால் நடவடிக்கை என்கின்றன. எழுதியவர் இல்லாத ஒரு பிரதி, வாசிப்பவருக்கு ஆணையிடும் அதிகாரத்தை எங்கிருந்து பெறுகிறது?

சிறுபத்திரிகை வாசகருக்கு எழுதியவர் இல்லாத பிரதி புதுசு இல்லை. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்ததிலிருந்து அமைப்பியலும் அதற்குப் பிந்தியவையும் இங்கே பேசப்பட்டு வந்திருக்கின்றன. ரொலான் பார்த் 1960களின் இறுதியில் அறிவித்த ஆசிரியனின் மரணத்தை நாம் ஒரு விடுதலையாகவே எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் போனால் வாசகர் வருவார் என்பது கணக்கு. இந்த விவாதம் கதை, கவிதையோடு நின்றுவிட்டது. அதே காலத்தில் அலுவலகங்களிலும் ஆசிரியர் செத்துக்கொண்டிருந்தார். அங்கே வாசகர் பிறக்கவில்லை. அதைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

சொற்களைப் 'பதப்படுத்துவது' என்ற கருத்தே அலுவலகத்தில் பிறந்ததுதான். 1950களில் ஐபிஎம்மின் ஜெர்மன் கிளையில் தட்டச்சு இயந்திர விற்பனையில் இருந்த உல்ரிச் ஸ்டைன்ஹில்பர், தரவைப் பதப்படுத்துவது போலச் சொல்லையும் பதப்படுத்தலாம் என்ற பெயரைக் கொண்டுவந்தார். 1964இல் அந்நிறுவனம் காந்த நாடா பொருத்திய தட்டச்சு இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. ஒருமுறை அடித்த கடிதத்தை நாடாவில் வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கலாம். 1978இல் வேர்ட்ஸ்டார் வந்தது. அதோடு இணைந்த மெயில்மெர்ஜ் ஒரே கடிதத்தை முகவரிப் பட்டியலோடு கலந்து நூறு பேருக்கு நூறு கடிதமாக்கியது.

இதுவரை சொற்செயலி ஒரு தனிக் கருவி. அதற்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கட்டத்தில்தான் விசயம் மாறுகிறது. 1990இல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த ஓஎல்இ முறையில் ஒரு மென்பொருளுக்குள் இன்னொன்றின் ஆவணத்தைச் செருக முடிந்தது. 1993இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் வேறொரு நிரலே சொற்செயலியை இயக்கவும் வழி பிறந்தது. கடன், சம்பளம், நோயாளி விவரம், நலத்திட்டம் என்று எந்த மென்பொருளை எடுத்தாலும் 'ஆவணம் உருவாக்கு' என்று ஒரு பொத்தான் வந்து சேர்ந்தது. பிறகு பொத்தானை அழுத்தவும் ஆள் வேண்டியதில்லை என்றானது. எழுதுவது ஒரு வேலையாக இருந்த நிலை போய், கணக்கு முடிந்ததும் தானாகக் கழன்று விழும் ஒரு துண்டாயிற்று.

இதன் உள்கட்டமைப்பு எளிமையானது. நிலையான வாசகம் ஒன்று. அதில் சில காலியிடங்கள். அவற்றை நிரப்பத் தரவு. அச்சடித்த படிவமும் இதுதானே என்று கேட்கலாம். படிவத்தில் அச்சு மை வேற, பேனா மை வேற. எது எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்தது, எது எனக்காக எழுதியது என்று கண்ணுக்குத் தெரியும். மென்பொருள் அந்தத் தையலை மறைத்துவிட்டது. ஒரே எழுத்துரு, ஒரே கறுப்பு. யாரோ நம்மை நினைத்து உட்கார்ந்து எழுதியது போன்ற தோற்றம் அங்கேதான் கட்டமைக்கப்படுகிறது.

தமிழில் இந்தத் தையல் எளிதில் மறைவதில்லை. ஆங்கில வாக்கியத்தில் பெயரை எங்கே செருகினாலும் பெரும்பாலும் அது அப்படியே நிற்கும். இங்கே முருகன் முருகனுக்கு ஆகிறார், கமலா கமலாவுக்கு, செல்வம் செல்வத்துக்கு. ஒரே காலியிடத்தில் மூன்று பேரும் உட்கார முடியாது. அலுவலகத் தமிழ் இதைச் சமாளிக்கும் விதத்தைக் கவனியுங்கள்: 'திரு. செல்வம் அவர்களுக்கு', 'செல்வம் என்பவரை'. உருபு பெயரை விட்டு இறங்கி 'அவர்கள்' மேலும் 'என்பவர்' மேலும் ஏறிக்கொள்கிறது. பெயர் மாற்றமில்லாத சரக்காக நிற்கிறது. எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கலாம். கணினிக்கு முன்பே இருந்த இந்த வழக்கத்தை மென்பொருள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மரியாதைபோல் தெரிகிற 'அவர்கள்' இங்கே பெயரை மாட்டும் ஆணி, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் 'தெரிவிக்கப்படுகிறது', 'எச்சரிக்கப்படுகிறீர்கள்' என்ற செயப்பாட்டு வினை. தெரிவிப்பது யார், எச்சரிப்பது யார் என்று வாக்கியம் சொல்லாது. பெறுபவர் ஆணியில் தொங்க, அனுப்புபவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார்.

இது வெறும் இலக்கண விளையாட்டு இல்லை. ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று பெயர்பெற்ற திட்டத்தைப் பார்ப்போம். 2015இல் சோதனையாகத் தொடங்கி, 2016இல் விரிவாக்கப்பட்டது. வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, உதவித்தொகை வாங்கிய ஏழைகள் கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று கணக்குப் போட்டது மென்பொருள். ஒரு மாதம் வேலை, இரண்டு மாதம் வேலையில்லை என்று வாழ்கிற தற்காலிகத் தொழிலாளிக்கு இந்தச் சராசரி பச்சைப் பொய். ஆண்டுக்குச் சுமார் 20,000 என்றிருந்த விசாரணைகள் உச்சக்கட்டத்தில் வாரத்துக்கு 20,000 ஆயின. ஆரம்பக் கடிதங்களில் இதற்கென இருந்த உதவி எண்கூட அச்சிடப்படவில்லை. நீ கடன்படவில்லை என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் எதிரே பேச ஆள் கிடையாது. 2019 நவம்பரில் இந்த முறை சட்டத்துக்குப் புறம்பானது என்பது நீதிமன்றத்தில் பதிவாயிற்று. 2023 ஜூலையில் வந்த அரசு விசாரணைக் குழு அறிக்கை திட்டத்தைக் கடுமையாகச் சாடியது. இடைப்பட்ட காலத்தில் தற்கொலைகளும் நடந்திருந்தன. கணக்குப் பிழை என்றே பலரும் இதைப் பேசினார்கள். பிழையை மனிதர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது கடிதம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கையொப்பம் இருந்தால் மட்டும் பாதுகாப்பா? அமெரிக்காவில் 2010இல் அம்பலமான 'ரோபோ கையொப்ப' விவகாரம் அதற்கும் பதில் சொல்கிறது. வீட்டுக்கடன் கட்டாதவர்களின் வீடுகளைப் பறிக்க நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலம் தேவை. அவை மொத்தமாகத் தயாராகி வந்தன. மாதத்துக்குச் சுமார் 10,000 தாள்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டதாக ஒரு நிறுவனத்தின் ஊழியர் சாட்சியம் சொன்னார். 2012இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களோடு 25 பில்லியன் டாலர் சமரசத்துக்கு வந்தன. அங்கே வாக்குமூலத்தில் 'நான்' என்ற தன்மைப் பெயரே ஒரு காலியிடமாகிவிட்டது.

சரி, வேலை சீக்கிரம் முடியுதே, அதில் என்ன தப்புன்னு கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குமாஸ்தாவின் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்ற காலம் பொற்காலம் அல்ல. கையால் எழுதிய ஆவணத்திலும் சாதியும் லஞ்சமும் தாராளமாகப் புழங்கின. ஒரு குமாஸ்தாவின் தனி அதிகாரத்தை மென்பொருள் குறைத்திருந்தால் அதை இழப்பென்று சொல்ல மாட்டோம். ஆனால் அதிகாரம் கரைந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நிலையான வாசகத்தை எழுதியவரிடம், எதைக் காலியிடமாக விடலாம் என்று முடிவு செய்தவரிடம் அது குவிந்துவிட்டது. குமாஸ்தாவோடு சண்டை போடலாம், சங்கமாகப் போய் முற்றுகையிடலாம். இவரை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே நம் வேலை ஆசிரியரை மறுபடி கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு எளிய வாசிப்பு முறை இருக்கிறது. ஒரே தெருவில் பத்துப் பேருக்கு வந்த கடிதங்களை வாங்கி வரிசையாக வையுங்கள். மாறுகிற இடங்களை அடித்துவிடுங்கள். மாறாமல் மிஞ்சுகிற வரிகள்தான் ஆசிரியரின் குரல். அதில் எழுவாய் எங்கே, மேல்முறையீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறதா, பேச ஒரு ஆளின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். அரசு மென்பொருளின் வார்ப்புருக்கள் சட்டத்தின் பிரிவுகளைப் போலவே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை அங்கிருந்து எழுப்பலாம்.

இதற்கும் அதிக அவகாசம் இல்லை. 2023 முதல் தானே வாக்கியம் அமைக்கும் மொழி மாதிரிகளை இதே அலுவலக மென்பொருள்களில் பொருத்தி வருகிறார்கள். இனி பத்துப் பேருக்குப் பத்து விதமான வாக்கியங்கள் வரலாம். செல்வத்துக்கு, கமலாவுக்கு என்று உருபுகூடச் சரியாக ஏறலாம். அப்போது அடித்துப் பார்க்கப் பொதுவான வரி எதுவும் மிஞ்சாது. இயந்திரத்துக்கு என்ன கட்டளை கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டச் சொல்லும் உரிமையை இப்போதே கேட்டுப் பெறாவிட்டால், நாளை கடிதம் அன்பாகப் பேசும், அதை அனுப்பியது யார் என்று கேட்க வழியிருக்காது.