பெட்டிக்குள் பூட்டிய நகரம்

‘பிளட்போர்ன்’ விளையாட வேண்டுமென்றால் சோனியின் பெட்டி ஒன்று உங்களிடம் இருந்தாக வேண்டும். 2015 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 4-க்காக வந்த கேம் அது. பிளேஸ்டேஷன் 5-இலும் அதே பழைய கேம் ஓடும். கணினிக்கோ எக்ஸ்பாக்ஸுக்கோ நிண்டெண்டோவுக்கோ அது வெளிவரவே இல்லை. பத்தாண்டு தாண்டியும் நிலைமை இதுதான். இதை ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்பார்கள். பெட்டி வைத்திருப்பவர்கள் பெருமையாக, இல்லாதவர்கள் எரிச்சலோடு. அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு படைப்பை ஒரே இயந்திரத்தோடு கட்டிப்போடுவது அந்தப் படைப்புக்கு என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யார்னம் என்றொரு நகரம். எந்த நோய்க்கும் அங்கே இரத்தம்தான் மருந்து. அந்த மருந்தே மனிதர்களை மிருகமாக்குகிறது. நீங்கள் வேட்டைக்காரர். அடி வாங்கினால் பின்வாங்கத்தானே தோன்றும்? இங்கே சில நொடிகளுக்குள் திருப்பி அடித்தால் இழந்த உயிரில் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும். ஓடத் தோன்றும் கணத்தில் முன்னே போ என்கிறது கேம். இரத்தவெறியைப் பற்றி வசனம் எதுவும் பேசுவதில்லை. அதை உங்கள் விரல்களுக்கே பழக்கிவிடுகிறது.

இன்னொன்று, ‘இன்சைட்’ என்ற அளவு. விபரீதங்களைக் காணக் காண அது கூடும். 40-ஐத் தொட்டதும், அதுவரை வெறும் கட்டடமாகத் தெரிந்த சுவரில் பல கைகளோடு ஒரு பேருரு தொற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது. அது புதிதாக வந்து உட்காரவில்லை. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை முறை நடந்துபோயிருக்கிறோம் என்று நினைக்கும்போது வரும் நடுக்கத்தை வாசித்துப் பெற முடியாது, நடந்திருந்தால்தான் வரும். வீடியோ கேமைக் கலையாக ஏற்கத் தயங்கும் இலக்கிய நண்பர்களிடம் நான் காட்ட விரும்பும் இடம் இதுதான். ஆனால் அவர்களிடம் இருப்பது மடிக்கணினி. அதில் இந்த கேமைக் காட்ட வழியில்லை.

இதை இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. 2022-இல் வந்த அவருடைய ‘எல்டன் ரிங்’ கணினி, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வெளியானது. அதன் வழியே அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் பலர். ஓர் எழுத்தாளர் பிடித்துப்போனால் என்ன செய்வோம்? அவருடைய பழைய புத்தகங்களைத் தேடிப் போவோம். கணினியில் விளையாடுகிற ஒருவர் அப்படித் தேடிப்போனால் ‘டார்க் சோல்ஸ்’ வரிசை முழுக்கக் கிடைக்கும். நடுவில் ‘பிளட்போர்ன்’ இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. உரிமை சோனியிடம் இருக்கிறது; தருவதும் தராததும் அவர்கள் முடிவு.

சரி, அப்படின்னா எல்லா எக்ஸ்க்ளூசிவும் மோசமா? இல்லை. இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

2020-இல் பிளேஸ்டேஷன் 5-உடன் இலவசமாக வந்தது ‘அஸ்ட்ரோஸ் பிளேரூம்’. குட்டி ரோபோ மணலில் நடந்தால் உங்கள் உள்ளங்கையில் மணல் உரசுகிறது. கண்ணாடித் தரைக்கு வேறு அதிர்வு, மழைத்துளிக்கு வேறு. ஸ்பிரிங்கை அழுத்தினால் விசை விரலை எதிர்த்துத் தள்ளுகிறது. இந்த கேமே அந்தக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக எழுதப்பட்டது. வேறு பெட்டிக்கு மாற்றினால் பாதி உயிர் போய்விடும். இங்கே இயந்திரமும் வடிவத்தில் சேர்த்தி.

அடுத்தது ‘பயோனெட்டா 2’. முதல் பாகத்தை 2009-இல் சேகா வெளியிட்டது. இரண்டாவதுக்குப் பணம் போட ஆளில்லாமல் நின்றபோது நிண்டெண்டோ முன்வந்தது. 2014-இல் அது வீ யூ என்ற பெட்டிக்கு மட்டும் வந்தது. முதல் பாகத்தை வேறு பெட்டிகளில் விளையாடிய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் நிண்டெண்டோ இல்லையென்றால் அவர்கள் கோபப்படுவதற்கும் ஒரு கேம் இருந்திருக்காது. காசு போட்டவங்களுக்குத்தானே உரிமை என்ற வாதத்துக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

ஆனால் அந்தக் கதை 2014-உடன் முடியவில்லை. வீ யூ தோற்றுப்போன பெட்டி. உலகம் முழுக்கச் சுமார் 13.5 மில்லியன்தான் விற்றது. 2018-இல் ‘பயோனெட்டா 2’-வை நிண்டெண்டோவே ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் வீ யூவின் இணையக் கடையையும் மூடிவிட்டது. பழைய பெட்டியிலேயே அது நின்றிருந்தால், இன்று யாரோ ஒருவர் விற்கும் பழைய வட்டைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும். ஒரு கேமைப் பிறக்கவைத்த எக்ஸ்க்ளூசிவ்கூட அதை வாழவைக்கப் போதவில்லை. பெட்டிக்கு ஆயுள் குறைவு. அதற்குள் வைத்ததற்கும் அவ்வளவுதான் ஆயுள். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்கிறது.

‘பிளட்போர்ன்’ இந்த இரண்டில் எதைப்போல? பிறப்பில் ‘பயோனெட்டா 2’ போல. சோனியின் முதலீடு இல்லாமல் அது இல்லை. வடிவத்தில் ‘அஸ்ட்ரோ’ போல இல்லவே இல்லை. பிளேஸ்டேஷன் 4-இன் செயலி, நம் மேசைக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகையைச் சேர்ந்தது. உழைப்பு தேவைப்படும், ஆனால் வேற்றுக்கிரக வேலை இல்லை. சொல்லப்போனால் அந்தப் பெட்டிக்குள் அது மூச்சுத்திணறிக்கொண்டிருக்கிறது. நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஒவ்வொன்றும் 33 மில்லிநொடி இடைவெளியில் வர வேண்டும். இதில் சில முந்தியும் சில பிந்தியும் வருவதால் படம் விக்குகிறது. கண்ணிமைப்பில் விலகித் தப்ப வேண்டிய கேமில் இது சின்னக் குறை இல்லை. மோசமாக அச்சான கவிதைத் தொகுப்பு மாதிரி. பிளேஸ்டேஷன் 5-இல் போட்டாலும் அதே 30தான்.

2021-இல் ஒரு ரசிகர் தனியாக உட்கார்ந்து அதை 60 சட்டகத்தில் ஓடவைக்கும் நிரல்திருத்தத்தை வெளியிட்டார். 2025-இல் சோனியின் பெயரில் காப்புரிமை அறிவிப்பு வந்து அதை நீக்க வேண்டியதாயிற்று. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் உரிமையாளரும் சரிசெய்யவில்லை, சரிசெய்தவரையும் விடவில்லை. இந்த இடத்தில் உரிமை எதைக் காக்கிறது என்று கேட்கத்தானே வேண்டும்?

விற்பனைக்குப் பெட்டியின் கவர்ச்சி தேவை என்பார்கள். சோனியே ‘ஹொரைசன் ஸீரோ டான்’ கேமை 2020-இலும் ‘காட் ஆஃப் வார்’ கேமை 2022-இலும் கணினிக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாப்ட் தன் ‘பென்டிமென்ட்’டை 2024-இல் போட்டி நிறுவனங்களின் பெட்டிகளுக்கே கொடுத்தது. பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவில் ஒரு மடத்து ஓவியனைப் பற்றிய கேம் அது. துறவி பேசினால் ஒரு கையெழுத்து, குடியானவன் பேசினால் வேறு கையெழுத்து. எழுத்துப்பிழை வந்து கண்முன்னே திருத்தப்படும். புத்தகம் நேசிப்பவர்கள் தவறவிடக்கூடாதது. ஸ்விட்சுக்குப் போனதால் அதில் ஒரு துளி மை குறையவில்லை. நிறுவனங்கள் இதையெல்லாம் கலைமேல் பாசத்தில் செய்யவில்லை, கணக்குப் பார்த்துத்தான் செய்தன. செய்ய முடியும் என்பது மட்டும் நிரூபணமாகிவிட்டது.

நம்மூர் நிலவரத்தையும் பார்க்கணும். சைபர் கஃபேயில் விளையாடி வளர்ந்த தலைமுறை நாம். படிப்புக்காகவோ வேலைக்காகவோ வீட்டில் ஒரு கணினி வந்துவிடும். கன்சோல் அப்படி வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு படைப்புக்கான நுழைவுச்சீட்டாகக் கேட்பது, அந்தப் படைப்பை வாசகரிடமிருந்து ஒளித்துவைப்பதற்குச் சமம்.

ஆகவே என் நிலைப்பாடு இது. இயந்திரமே வடிவமாக இருக்கும் கேம் அந்த இயந்திரத்தில் இருக்கட்டும். பணம் போட்டவர் முதல் சில ஆண்டுகள் தனக்கென்று வைத்துக்கொள்ளட்டும். அது நியாயமான கூலி. அந்தப் பெட்டியின் தலைமுறை முடிந்து அடுத்தது வரும்போது கேம் வெளியே வர வேண்டும். விமர்சகர்களும் கதை, ஒளி, இசை என்று மதிப்பெண் போடுவதோடு நிறுத்தாமல், இடம் மாறினால் இந்தப் படைப்பு எதை இழக்கும் என்றும் கேட்க வேண்டும். ‘அஸ்ட்ரோ’விடம் கேட்டால் பதில் இருக்கிறது. ‘பிளட்போர்ன்’ இழப்பதற்கு அந்த விக்கலைத் தவிர வேறொன்றும் இல்லை.