யாருக்கு முதலில் தெரியும்?

பல மாதங்கள் வெளியூரில் அலைந்துவிட்டு ஹரிஹர் வீடு திரும்புகிறார். புயல் மழையில் வீடு இடிந்து கிடக்கிறது. குழந்தைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். மனைவி சர்பஜயா ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் மூட்டையைப் பிரித்து, வாங்கிவந்ததை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். சப்பாத்திப் பலகையும் உருளையும், சட்டம் போட்ட லட்சுமி படம், பிறகு மகள் துர்காவுக்கு ஒரு புடவை. புடவையைக் கையில் வாங்கியதும் சர்பஜயா அதை வாயோடு அழுத்திக்கொண்டு உடைந்துபோகிறாள். அப்போதுதான் அவருக்குப் புரிகிறது.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) வரும் இந்தக் காட்சியில் சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் வாய் அலறுகிறது, அலறல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் ஒலிக்கிறது. எஸ்ராஜில் கிராமபோன் கூம்பு மாதிரி ஒன்றைப் பொருத்தி வில்லால் வாசிக்கும் வாத்தியம் அது. பட்தீப் ராகத்தில் வாசித்தவர் தட்சிணாமோகன் தாகூர். அந்த இசையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த இசை நம்மை அவ்வளவு ஆழமாகத் தொடுவதற்கு முன்பே ராய் ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறார். துர்கா இறந்தது நமக்குத் தெரியும். அவள் காய்ச்சலில் கிடந்த அந்த ராத்திரி, கதவு காற்றில் படபடத்தபோது நாமும் அந்த அறையில் இருந்தோம். அதனால்தான் ஹரிஹர் பலகையை எடுத்துக் காட்டும்போதே வயிறு கலங்கத் தொடங்குகிறது. அடுத்து மூட்டையிலிருந்து என்ன வரும் என்று பயந்துகொண்டே பார்க்கிறோம். சேதி நமக்குப் பழையது. அது ஒரு தகப்பனின் முகத்தில் போய்ச் சேரும் அந்தச் சில நொடிகள்தான் புதியவை.

திரைப்படங்களில் ஒருவருக்குச் சட்டென்று உண்மை விளங்கும் காட்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு உடனே ‘டுவிஸ்ட்’ பக்கம் போய்விடுகிறது. எந்தப் படம் கடைசிவரை ஏமாற்றியது, எந்தப் படத்தின் முடிவை இடைவேளையிலேயே கண்டுபிடித்தோம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சுவாரசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலைத்து நிற்கும் காட்சிகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்குநர் நம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். யாருக்கு முதலில் தெரியவேண்டும், பார்வையாளருக்கா பாத்திரத்துக்கா என்ற ஒற்றைத் தீர்மானத்தில்தான் காட்சியின் ஆயுள் இருக்கிறது. (பல படங்களின் முடிவுகளை இங்கே சொல்லியாக வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

இது சினிமா கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அரிஸ்டாட்டில் தன் கவிதையியல் நூலில் இத்தகைய கண்டறிதல்களைத் தரம் பிரிக்கும்போது, தழும்பு, நகை போன்ற அடையாளங்களால் ஆளைக் கண்டுகொள்வதைக் கடைசியில் வைத்தார். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே உண்மை வெளிப்படுவதை உயர்த்தி, ஈடிபஸ் நாடகத்தைக் காட்டினார். அந்த நாடகத்தைப் பார்க்க வந்த ஏதென்ஸ்காரர்களுக்கு ஈடிபஸின் கதை முன்பே தெரியும். மதுரை அவையில் கண்ணகி சிலம்பை உடைப்பதும் அப்படித்தான். அதற்குள் மாணிக்கம் இருப்பது நமக்குத் தெரியும், கண்ணகிக்குத் தெரியும். தன் தேவியின் சிலம்பில் முத்து என்று சொன்ன பாண்டியன் ஒருவனுக்குத்தான் தெரியாது. தெறித்த மணியைக் கண்ட மாத்திரத்தில் குடையும் கோலும் சாய, அவன் உயிர் போகிறது. அரிஸ்டாட்டில் கணக்கில் அது வெறும் நகை அடையாளம். ஆனால் இளங்கோவின் கையில் அது ஓர் அரசன் தன்னையே கண்டுகொள்ளும் இடமாகிவிட்டது. கண்ணாம்பா நடித்த ‘கண்ணகி’ (1942), விஜயகுமாரி நடித்த ‘பூம்புகார்’ (1964) இரண்டுக்கும் அந்த அவைதான் உச்சம். கதை தெரியும் என்பதற்காக யாரும் கொட்டகைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை.

முன்கூட்டிச் சொல்லிவிடும் துணிச்சலுக்கு ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) நல்ல சாட்சி. புவாலோ, நார்செஜாக் என்ற இரு பிரெஞ்சு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய நாவலிலிருந்து வந்த படம். இறந்துபோன மேடலினும் பிறகு தெருவில் எதிர்ப்படும் ஜூடியும் ஒரே பெண்தான் என்ற ரகசியத்தை நாவல் முடிவுவரை காப்பாற்றுகிறது. ஹிட்ச்காக் அதைப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதுமே உடைத்துவிடுகிறார். ஜூடி ஒரு கடிதம் எழுதுகிறாள், நடந்ததெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது, கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். அதற்குப் பிறகு, மேடலினைக் காதலித்த ஸ்காட்டி அவளுக்கு உடை வாங்கித் தருவதும், தலைமுடியின் நிறத்தை மாற்றச் சொல்வதும் தாங்க முடியாத காட்சிகளாகிவிடுகின்றன. அவன் உருவாக்க நினைக்கும் பெண்ணே எதிரில் உட்கார்ந்து வாய் திறக்காமல் தவிக்கிறாள்.

பிறகு அந்தச் சங்கிலி. வெளியே சாப்பிடக் கிளம்பும் நேரம். ஜூடி சந்தோஷமாக இருக்கிறாள். கழுத்துச் சங்கிலியின் கொக்கியை மாட்டிவிடச் சொல்கிறாள். பின்னால் நின்று மாட்டும் ஸ்காட்டி கண்ணாடியில் பார்க்கிறான். கேமரா கண்ணாடியில் தெரியும் பதக்கத்தை நெருங்குகிறது. அடுத்த ஷாட்டில் அதே பதக்கம், மேடலின் அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டிருந்த கார்லோட்டா என்ற பெண்ணின் ஓவியத்தில். ஸ்காட்டியாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டீவர்ட் புருவத்தைக்கூடத் தூக்குவதில்லை. குரல் மட்டும் கொஞ்சம் வறண்டுபோகிறது. சாப்பிட ஊருக்கு வெளியே போகலாமே என்கிறான். ரகசியம் நமக்கு முன்பே தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கணத்தில் நம் மனம் பழைய முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும். ஸ்டீவர்ட்டின் முகத்தைக் கவனித்திருக்க மாட்டோம். நாம் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே ஹிட்ச்காக் புதிரை விட்டுக்கொடுத்தார் என்பது என் கணிப்பு.

நமக்குக் கடைசியில் தெரியவரும் படங்களில் பெரும்பாலானவை இரண்டாம் முறை பார்க்கையில் இளைத்துப்போகின்றன. ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ (1995) படத்தில் விசாரணை அதிகாரியின் கையிலிருந்து காபிக் கோப்பை நழுவி உடைகிறது. அதன் அடியில் அச்சிட்டிருக்கும் பெயர், எதிரே அறிவிப்புப் பலகையில் உள்ள பெயர்கள், எல்லாம் இதுவரை கேட்ட கதையில் வந்தவை. அபாரமான வெட்டுத் தொகுப்பு. ஆனால் ஏமாந்தது அந்த அதிகாரியின் கெட்டிக்காரத்தனம் மட்டுமே. அவருக்காக நாம் வருந்த ஒன்றுமில்லை. நம் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), ஒரு பாட்டுகூட இல்லாமல், சுட்டது யார் என்ற கேள்வியோடு தொடங்கி மனைவியிடம் வந்து முடிகிறது. அது இன்றும் நிற்பதற்குக் காரணம், பண்டரிபாய் நடித்த அந்த மனைவிக்குக் கணவன் தேசத் துரோகி என்று தெரியவந்த வேதனை. மாஹேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மனோஜ் நைட் ஷியாமளனின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ (1999) தப்பிப் பிழைத்ததும் இதே காரணத்தால்தான். தூங்கும் மனைவியின் கையிலிருந்து கல்யாண மோதிரம் தரையில் உருள்கிறது. தான் இறந்துவிட்டோம் என்பது மட்டுமா கணவன் மால்கமுக்குப் புரிகிறது? இத்தனை நாள் தன்னோடு பேசாதவள் தன்னை வெறுக்கவில்லை, தனக்காக அழுதுகொண்டிருந்தாள் என்பதும் சேர்ந்தே புரிகிறது. தெரிந்துகொண்டு இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் உணவக மேசைக்கு எதிரில் அவள் தனியாக உட்கார்ந்திருந்த காட்சி அறுக்கிறது.

காதால் விளங்குவது இன்னொரு வகை. கொப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’ (1974) படத்தில் ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஹாரி கால், ஒரு சதுக்கத்தில் நடந்துபோகும் ஜோடியின் பேச்சைப் பதிவு செய்கிறான். சந்தர்ப்பம் கிடைத்தால் அந்த ஆள் நம்மைக் கொன்றுவிடுவான் என்ற பொருளில் ஒரு வாக்கியம். ‘கொன்றுவிடுவான்’ என்பதில் அழுத்தம். பாவம், அவர்கள் உயிருக்கு ஆபத்து என்று ஹாரி துடிக்கிறான். எல்லாம் முடிந்தபின் அதே வாக்கியம் மறுபடி ஒலிக்கிறது. இப்போது அழுத்தம் ‘நம்மை’ என்பதில். அவனே நம்மைக் கொல்லத் துணிவான் என்றால் நாம் அவனைக் கொன்றால் என்ன! ஒலியைத் தொகுத்த வால்டர் மர்ச், நடிகர் வேறு விதமாகச் சொன்ன ஒரு பதிவை அங்கே வைத்தார். இது மோசடி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாரியின் காது எதைக் கேட்க விரும்பியதோ அதைத்தான் அதுவரை நாமும் கேட்டோம். ரித்விக் கட்டக் ‘மேகே டாக்கா தாரா’வில் (1960) இன்னும் ஒரு படி மேலே போனார். காதலன் வீட்டில் வேறொரு பெண் இருப்பதை உணர்ந்து நாயகி நீதா மாடிப்படியில் இறங்கும்போது சவுக்கடிச் சத்தம் கேட்கிறது. அங்கே சவுக்கும் இல்லை, அடிப்பவரும் இல்லை.

இதுவரை சொன்னவற்றில் ஒரு தகவல் தெரியவருகிறது: இறந்துவிட்டாள், ஏமாற்றிவிட்டாள், தவறாகக் கேட்டுவிட்டேன். தகவலே இல்லாமல் தன்னைப் பற்றி ஒன்று விளங்குவதைப் படமாக்குவது இன்னும் கடினம். குரோசாவாவின் ‘இகிரு’ (1952) அதைச் செய்தது. வயிற்றுப் புற்றுநோய் வந்த நகராட்சி அதிகாரி வதனாபே, மிச்சமிருக்கும் நாட்களை என்ன செய்வதென்று தெரியாமல், வேலையை விட்டுவிட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போய்விட்ட ஒரு இளம்பெண்ணிடம் கேட்கிறார். அவள் சாவி கொடுத்த முயல் பொம்மையை மேசையில் விடுகிறாள். இதைச் செய்கையில் ஜப்பானில் உள்ள குழந்தைகள் எல்லாம் எனக்குச் சிநேகிதம் ஆனமாதிரி இருக்கிறது என்கிறாள். அவர் வெகுநேரம் குனிந்தே இருக்கிறார். இன்னும் நேரமிருக்கிறது என்று முயலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். அதே படியில் ஒரு பெண் ஏறி வருகிறாள். மாடியில் அவளுக்காகக் காத்திருந்த கூட்டம் பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறது. பாட்டு யாருக்கோ. கேட்கும்போது அவருக்குப் பாடுவதுபோல்தான் இருக்கிறது. என்னை அதைவிட அசைத்தது அதற்குப் பிந்தைய பகுதி. அவர் இறந்த பிறகு துக்க வீட்டில் குடித்துக்கொண்டு பேசும் சக ஊழியர்கள், கடைசி நாட்களில் ஒரு பூங்காவை அவர் ஏன் அப்படி அலைந்து கட்டினார் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறார்கள், அழுகிறார்கள், இனி நாமும் மாறுவோம் என்று சபதம் செய்கிறார்கள். மறுநாள் அலுவலகம் பழையபடி நடக்கிறது. விழிப்பு ஒரு ராத்திரிகூடத் தாங்காமல் போவதைக் காட்டிய படங்கள் அபூர்வம்.

தமிழ்ப் படங்களில் நெடுங்காலம் உண்மை விளங்கியவர் அதை உரக்கச் சொல்லியாக வேண்டியிருந்தது. மேடை நாடகத்திலிருந்து வந்த வழக்கம் அது. பிரிந்த அண்ணன் தம்பிகளைச் சேர்க்க ஒரு குடும்பப் பாட்டு போதும். ‘நாளை நமதே’யில் (1975) அப்படித்தான். ‘தளபதி’யிலும் (1991) ரயில் ஓசையும் கைக்குழந்தையைச் சுற்றியிருந்த துணியும்தான் தாயையும் மகனையும் கண்டுபிடித்துக் கொடுக்கின்றன. தாயாக நடித்த ஸ்ரீவித்யாவின் கண்கள் இருந்ததால் அது உயர்ந்தது.

இந்த வழக்கத்தை உடைத்தவர் மகேந்திரன். ‘தங்கப்பதக்கம்’ எழுதியவர்தான் பிறகு வசனத்தைச் சுருக்கிச் சுருக்கி எழுதினார். ‘முள்ளும் மலரும்’ (1978) முடிவில் கல்யாண ஊர்வலத்திலிருந்து வள்ளி பிரிந்து அண்ணன் காளியிடம் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். உலகமே எதிர்ப்பக்கம் நின்றாலும் தங்கைக்குத் தன்மேல்தான் பாசம் என்று காளிக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததும் அவளை அழைத்துப்போய், அவள் மணக்கவிருந்த என்ஜினியரிடம் ஒப்படைக்கிறான். ஆனால் அப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். வேறு யாராவது எடுத்திருந்தால் காளி அங்கே திருந்தி மன்னிப்புக் கேட்டிருப்பான். அவனுக்குப் புரிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் மகேந்திரன் அவனை மாற்றினார்.

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பொறி எடுத்துக்கொண்ட ‘உதிரிப்பூக்கள்’ (1979) இன்னும் ஆழம். எல்லோரையும் வதைத்த சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. நீயே இறங்கிச் செத்துப்போ என்கிறது. சுந்தரவடிவேலுவாக நடிக்கும் விஜயன் அவர்களைத் திரும்பிப் பார்க்கிறார். நல்லவர்களாக இருந்த உங்களை எல்லாம் இன்றைக்கு என்னைப்போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிறார். தன் கொடுமை எப்படி இருக்கும் என்பதை அவர் முதன்முதலாகப் பார்த்தது அடுத்தவர் முகங்களில். அவருக்குப் புரிந்துவிட்டது, சுற்றி நிற்கும் ஊருக்கு அந்த நேரத்தில் புரிந்ததா என்பதைப் படம் சொல்வதில்லை.

யாருக்கு முதலில் தெரியும் என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு: தெரியவேண்டியவருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931), பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். முதலாவதில் பார்வையில்லாத பூக்காரிக்கு, சாப்ளின் நடித்த நாடோடி கொண்டுவந்து கொடுத்த பணத்தால் பார்வை கிடைக்கிறது. கடை வைத்திருக்கிறாள். கந்தல் உடையில் நிற்கும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரக்கப்பட்டு ஒரு பூவும் காசும் கொடுக்க வருகிறாள். காசை உள்ளங்கையில் வைக்கும்போது கை தொடுகிறது. சிரிப்பு நிற்கிறது. விரல்கள் அவன் கையைத் தடவி, கோட்டின் மார்புப் பகுதிவரை போகின்றன. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே நொடியில் அவனுக்கும் ஒன்று தெரிகிறது: தான் எப்படிப்பட்டவன் என்பதை அவள் பார்த்துவிட்டாள். இரண்டு புரிதல்களும் ஒரே பிடியில். அவள் அவனை ஏற்றுக்கொண்டாளா என்று சொல்லாமலே படம் முடிகிறது.

கேத்தி ரயில் நிலையத்தில் பாலு மகேந்திரா இதைத் தலைகீழாக்கினார். இங்கே, நினைவிழந்து குழந்தைபோல் இருந்துவிட்டு நினைவு திரும்பிய பெண் ரயிலுக்குள் இருக்கிறாள். மழையில், அடிபட்ட காலோடு, அதுவரை அவளைப் பார்த்துக்கொண்ட சீனு பிளாட்பாரத்தில் ஓடுகிறான். இருவரும் விளையாடிய குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகிறான். குழந்தைபோல் இருந்தபோது அவளைச் சிரிக்கவைத்த அதே ஆட்டம் இப்போது அவளுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. சாப்ளின் கொடுத்த தொடுகையை இந்தப் படம் மறுத்துவிட்டது. ரயில் போன பிறகு அவளுக்கு அவன் நினைவு வந்துவிடுவதாக ஒரு காட்சி சேர்த்திருக்கலாமே என ஏங்காதவர்கள் குறைவு. சேர்த்திருந்தால் சீனுவுக்கு அவள் கிடைத்திருப்பாள். ஆனால் அவள் குணமாவது அவனுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் படம் முழுக்கத் தள்ளித் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவன் அவன். அவள் அறியாமல் போகிறாள் என்பதால்தான், அறியவேண்டிய பாரம் முழுவதும் அவன் ஒருவன்மேல் விழுகிறது. ஆட்டத்தை அவன் எந்த இடத்தில் நிறுத்துகிறான் என்று கவனித்துப் பார்த்தால், எப்போது விளங்கியது என்பதைச் சீனுவாக நடித்த கமல்ஹாசன் உடம்பாலேயே சொல்லியிருப்பது தெரியும்.