மேடையும் மெய்ப்பாடும்

மேடைப் பேச்சைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதெல்லாம் சொல்லைப் பற்றித்தான். அடுக்குமொழி, எதுகை, மோனை, மேற்கோள் என்று அலசுவார்கள். பேசுகிறவனுக்கு ஒரு தொண்டையும் இரண்டு கைகளும் உண்டு என்பது விமரிசகர் கண்ணில் படுவதே இல்லை. கூட்டத்துக்கு வந்தவனோ அவற்றைத்தான் முதலில் கவனிக்கிறான்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டை அடுத்து, வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. பேச்சாளனுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சைக் கூடம் கிடையாது. கடல் இரைச்சல் ஓயாது. காற்று பாதிச் சொல்லைக் கொண்டுபோய்விடும். எதிரே இருப்பவர்களோ, வாய்ப் பேச்சு எடுபடாத இடத்தில் கையசைவாலேயே வேலை வாங்கிப் பழகியவர்கள். அவர்களிடம் வெறுங்கை வீசி ஏமாற்ற முடியாது. கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் அலைகளுக்கு எதிரே நின்று பேசிப் பழகினான் என்று சொல்லுகிறார்கள். இங்கே பழகியிருந்தாலும் தேறியிருப்பான்.

இந்த ஊர்ச் செங்கழுநீரம்மனுக்கு ஆடி மாதத்தில் தேர். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். 1954-இல் ஆட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை. துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து பிடிக்கிறார்கள். தமிழ் அறியாத கவர்னர் குனிந்து கயிற்றைத் தொட்டவுடன், ஊரை ஆள்கிறவனும் அம்மனுக்கு அடங்கியவன் என்று ஜனங்கள் அர்த்தம் செய்துகொண்டிருப்பார்கள். அம்மனும் என் ஆட்சிக்குள்தான் என்று கவர்னர் நினைத்திருக்கலாம். ஒரே அசைவு, இரண்டு பொருள். எந்தச் சொற்பொழிவால் இது முடியும்?

இதையெல்லாம் இப்போது உடல்மொழி என்கிறார்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நகை, அழுகை, பெருமிதம், வெகுளி என்று எட்டாக வகுத்தார். உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. முதலில் உள்ளம், பிறகு உடம்பு. நம் மேடைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. விரல் உயர்ந்துவிடுகிறது, கோபம் பின்னால் வருகிறது. சில சமயம் வருவதே இல்லை.

அண்ணாதுரையின் உருவம் சிறியது, குரல் கரகரத்தது. மேடைக்கு இரண்டுமே குறைகள் என்றுதான் யாரும் சொல்லுவார்கள். ஆனால் அவருடைய அலங்காரத் தமிழுக்கு அந்தக் கரகரப்பே கடிவாளமாக இருந்தது. சொல் எவ்வளவு உயரப் போனாலும் குரல் திண்ணையில் உட்கார்ந்தே பேசியது. வெண்கலத் தொண்டையில் அதே வாக்கியங்களைக் கேட்டிருந்தால் பாதியில் எழுந்து போயிருப்போம். பின்னால் வந்தவர்கள் கரகரப்பை எடுத்துக்கொண்டார்கள், திண்ணையை விட்டுவிட்டார்கள்.

பெரியாரிடம் இந்த அலங்காரமும் கிடையாது. 1973 டிசம்பர் 19-ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் அவர் பேசிய கடைசிக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது. அப்போது வயது 94. பேச்சுக்கு நடுவே வலி தாங்காமல் கிழவர் முனகுகிறார். வலி சற்றுத் தணிகிறது. விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்கிறார். வலியைக் காட்டி இரக்கம் தேடவில்லை. அதை மறைக்கவும் இல்லை. அவருடைய கொள்கையை ஏற்காதவனும் அந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்து கேட்பான். ஐந்தாம் நாள் அவர் இறந்துபோனார்.

ஒலிபெருக்கி வந்ததனால் மெல்லப் பேசலாம் என்ற வசதி கிடைத்தது. நாமோ அதற்குள்ளேயும் கத்துகிறோம்! வீராம்பட்டினத்துக் காற்றில் கத்தினாலாவது நியாயம் உண்டு. நாலு சுவருக்குள் எதற்கு? பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளைப் பாருங்கள். ‘தமிழ்’ என்றதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கையை ஒரே உயரத்துக்குத் தூக்குகிறார்கள். உடல்மொழிக்கென்று தனி மதிப்பெண் வேறு போடுகிறார்கள்.