ஷிஃப்ட் முடிந்த பின் ஆடிய ஆட்டம்

சோவியத் கால்பந்து என்றதும் நம்மில் பலருக்கு கோல்கீப்பர் யாஷினின் கறுப்பு உடை நினைவுக்கு வரும். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் தங்கத்தையும் 1960இல் வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பையையும் சொல்வார்கள். அவை பெரிய மேடைகள். அந்தக் கால்பந்தின் உயிர் வேறு இடத்தில் இருந்தது என்பது என் எண்ணம். தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய கரித்தூள் மைதானங்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில் இருந்த முற்றங்களிலும், பகலில் லேத் ஓட்டிவிட்டு மாலையில் பூட்ஸ் கட்டியவர்களின் போட்டிகளிலும் அது இருந்தது. நான் ரசிப்பது அந்த ஆட்டத்தைத்தான்.

முதலில் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்தில் பாதி நாள் பனியும் சேறுமாகக் கிடக்கும் நாட்டில் எல்லா ஊருக்கும் புல்தரை கிடைக்காது. கொதிகலன்களிலிருந்து வரும் சாம்பலையும் கசடையும் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அதில் விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். தரையோடு சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிப்பவன் அங்கே நீண்ட நாள் ஆட முடியாது. நின்ற நிலையிலேயே, எதிராளியின் அடுத்த அடியை முன்கூட்டியே படித்துப் பந்தை எடுக்கப் பழக வேண்டும். பழைய சோவியத் தடுப்பாட்டக்காரர்களிடம் தெரியும் அந்த நிமிர்ந்த, அவசரமற்ற நிலைக்கு இந்தக் கரித்தரையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பந்தும் சாதாரணமானது அல்ல. தோல் உறைக்குள் ரப்பர் பிளாடர் வைத்து, வாயை வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழையில் நனைந்தால் கனத்துப் போகும். வார் கட்டிய பக்கம் நெற்றியில் பட்டால் கீறிவிடும். அந்தப் பந்தைத் தலையால் முட்டக் கற்றவன், எந்தப் பக்கம் தன்னை நோக்கிச் சுழன்று வருகிறது என்று பார்த்து முட்டக் கற்றான்.

முற்றங்களில் பலகை அடைப்பு இருக்கும். குளிர்காலத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் அது உறைந்து ஐஸ் ஹாக்கித் தளம். பனி உருகியதும் அதே அடைப்பு கால்பந்துக் களம். பையன்கள் அதைக் ‘கரோப்கா’, அதாவது பெட்டி என்பார்கள். பந்து வெளியே போகாது, பலகையில் பட்டுத் திரும்பி வரும். இடமோ மிகக் குறைவு. பந்தை நிறுத்தி யோசிக்க நேரமில்லாததால், வாங்கும் முன்பே எங்கே கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பலகையிடம் தட்டிவிட்டு எதிராளியைச் சுற்றி ஓடித் தானே வாங்கிக்கொள்வது ஏழு வயதுப் பையனுக்கும் தெரிந்த வித்தை. பலகைக்குப் பதில் ஒரு தோழன் நின்றால் அதுதான் மாஸ்கோ ஸ்பார்ட்டக்கின் புகழ்பெற்ற குறும்பாஸ் ஆட்டம். முற்றத்துக்கென்று தனிச் சட்டங்களும் இருந்தன. கோல் கம்பத்துக்குப் பள்ளிக்கூடப் பை. மூன்று கார்னர் சேர்ந்தால் ஒரு பெனால்டி. தோற்ற அணி வெளியே போக வேண்டும், காத்திருக்கும் அணி உள்ளே வரும். வெளியே போனால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு கோலுக்கும் கடைசி மூச்சுவரை போராடினார்கள்.

இந்த முற்றத்து ஆட்டத்தை நாடு தழுவிய போட்டியாக ஆக்கிய ஏற்பாடு ‘தோல் பந்து’. 1964இல் தொடங்கிய அந்தச் சிறுவர் போட்டிக்கு யாஷின் முகமாக இருந்தார். தெரு அணி பேட்டையில் ஜெயித்து, நகரத்தில் ஜெயித்து, மாநிலத்தையும் குடியரசையும் கடந்து அனைத்து ஒன்றிய இறுதிச் சுற்று வரை போகலாம். பையன்கள் வைத்த பெயரிலேயே அணி பதிவாகும். விளையாட்டுப் பள்ளிகளில் முறையாகப் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. என் பார்வையில் அந்தப் போட்டியின் மிக நல்ல விதி இதுதான். தெருவில் ஆடுபவன் தெருவில் ஆடுபவனையே எதிர்கொள்வான்.

யாஷின் அதற்குப் பொருத்தமான ஆள். 1929இல் பிறந்தவர். போர் நடக்கும்போது பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்குப் போனார். முதலில் கோல் காத்தது மாஸ்கோவின் துஷினோவில் அந்தத் தொழிற்சாலை அணிக்குத்தான். பிறகு ராணுவ சேவைக்குப் போய், அங்கே ஒரு படைப்பிரிவு அணியில் ஆடியதைப் பார்த்துத்தான் மாஸ்கோ டைனமோ அவரை எடுத்துக்கொண்டது. 1963இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தைப் பெற்றவர், அதற்கு அடுத்த ஆண்டே தெருப் பையன்களின் போட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்தார்.

தொழிற்சாலை அணியின் கவர்ச்சி எவ்வளவு என்று அறிய 1936இல் வந்த ‘கோல்கீப்பர்’ படத்தைப் பார்க்கலாம். செமியோன் திமோஷென்கோ இயக்கியது, இசை துனாயெவ்ஸ்கி. கதை லெவ் கஸ்ஸீலுடையது. வோல்கா நதிக்கரையில் தர்பூசணி ஏற்றும் கூலித் தொழிலாளி ஒருவன். எங்கிருந்து எறிந்தாலும் பழத்தை நழுவவிடாமல் பிடிப்பான். அதைக் கண்ட பொறியாளர்கள் சிலர் தங்கள் தொழிற்சாலை அணிக்கு அவனைக் கோல்கீப்பராக ஆக்குகிறார்கள். பின்னால் அவன் ‘கறுப்பு எருமைகள்’ என்ற வெளிநாட்டு அணியை எதிர்த்து ஆடுவதும், கோல்கீப்பரே ஓடிப்போய்க் கோல் அடிப்பதும் சினிமாவுக்கே உரியவை. தர்பூசணிக் காட்சி மட்டும் உண்மையைத் தொடுகிறது. உழைக்கும் கை ஒன்றுக்குத் தெரிந்த லாவகம் அப்படியே ஆட்டத்துக்கு இடம் மாறுவதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன. ஷோஸ்தகோவிச் இந்த ஆட்டத்தின் மீது கொண்ட பித்தும் பிரசித்தம். மேதை இசையமைப்பாளர், நடுவராகவும் தகுதி பெற்றவர், ஆட்டங்களின் கோல் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தவர்.

அதே ஷோஸ்தகோவிச்சின் ஊரில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. ஜெர்மானியப் படை வளைத்த லெனின்கிராது முற்றுகையின் முதல் குளிர்காலத்தில் பசியால் மட்டும் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். வசந்தம் வந்ததும், 1942 மே 31 அன்று, அந்நகரின் டைனமோ அணிக்கும் லெனின்கிராது உலோகத் தொழிற்சாலையின் அணிக்கும் ஓர் ஆட்டம் ஏற்பாடானது. போர்க்கால ரகசியத்துக்காகத் தொழிற்சாலையின் பெயரை மறைத்து ‘N தொழிற்சாலை’ என்று அறிவித்தார்கள். பெரிய மைதானம் குண்டுக்குழிகளாகவும் காய்கறித் தோட்டமாகவும் ஆகிவிட்டதால் பக்கத்தில் இருந்த பயிற்சித் தளத்தில் ஆடினார்கள். பாதிக்கு முப்பது நிமிடம். உட்கார்ந்தால் மறுபடி எழ முடியாது என்று இடைவேளையில் நின்றுகொண்டே இருந்தார்கள் எனவும், ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வெளியேறினார்கள் எனவும் சொல்கிறார்கள். டைனமோ 6-0 என்று வென்றது. தொழிற்சாலை அணியில் ஆலையிலேயே வேலை செய்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அன்றைய ரேஷன் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆறு கோலைவிடப் பெரியது அடுத்த வாரம் நடந்தது. ஜூன் 7 அன்று அதே தொழிற்சாலை அணி மறுபடி வந்து டைனமோவோடு 2-2 என்று சமன் செய்தது. மே 31 ஆட்டத்தின் நினைவாக அந்த மைதானத்தில் இன்று சிலை நிற்கிறது. அந்தச் சமநிலை ஆட்டத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரசிகன் பேச வேண்டும்.

இனி எடுவர்து ஸ்ட்ரெல்த்சோவ். சோவியத் மண் பெற்ற மிகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர் அவரே என்பவர்களில் நானும் ஒருவன். மாஸ்கோ ஓரத்துப் பெரோவோவில் பிறந்தவர், ‘ஃப்ரேசர்’ கருவித் தொழிற்சாலையில் வேலை. அந்தத் தொழிற்சாலையின் பெரியவர்கள் அணியில் பதின்மூன்று வயதிலேயே இடம் பிடித்தார். அங்கிருந்து மாஸ்கோவின் டார்ப்பிடோ கிளப், பதினெட்டு வயது முடியும் முன்பே தேசிய அணி, முதல் ஆட்டத்திலேயே ஸ்வீடனுக்கு எதிராக மூன்று கோல். 1958 உலகக் கோப்பைக்குச் சற்று முன் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் கைதாகிப் பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை பெற்றார். அந்த வழக்கைப் பற்றி ரஷ்யாவில் இன்றும் வாதம் ஓயவில்லை. ஐந்தாண்டு முகாம் வாழ்க்கைக்குப் பிறகு 1963இல் விடுதலையானார். டார்ப்பிடோவுக்கு ஆட அனுமதி இல்லை. லிகச்சோவ் மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து அதன் தொழிலாளர் அணியில் ஆடினார்.

அப்படி அவர் ஆடிய இரண்டு பருவங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீராது. நாட்டின் தலைசிறந்த கால் ஒன்று, டிக்கெட் இல்லாத ஆட்டங்களில், அசெம்பிளி லைனில் கூட நிற்கும் தோழர்களுக்குப் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெல்த்சோவ் ஓடி ஓடிக் களைப்பவர் அல்ல. தட்டைப் பாதம் வேறு. மைதானத்தின் நடுவில் நெடுநேரம் சும்மா நிற்பார், காவலுக்கு நிற்பவன் அசந்த ஒரு கணத்தில் திரும்பிவிடுவார். அவருடைய முத்திரை குதிகால் பாஸ். முதுகுக்குப் பின்னால் யார் எங்கே வருகிறார்கள் என்று பார்க்காமலே அறிந்து, குதிகாலால் தட்டிவிடுவார். ரஷ்யர்கள் அந்தப் பாஸுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அதை வாங்குபவனுக்கும் அதே அறிவு வேண்டும். டார்ப்பிடோவில் அவரோடு வலெந்தின் இவனோவ் இருந்தார், இருவரும் பார்க்காமலே பேசிக்கொள்வார்கள். தொழிலாளர் அணியில் அப்படி ஒருவர் இல்லை. அங்கே அவர் பிறரின் தரத்துக்கு ஏற்பத் தன் பாஸைச் சற்று மெதுவாக்கி, சற்று முன்னே போட்டுக் கொடுக்கப் பழகியிருக்க வேண்டும். 1965இல் அவர் டார்ப்பிடோவுக்குத் திரும்பியபோது வேகம் குறைந்திருந்தது, பார்வை பெருகியிருந்தது. அந்த ஆண்டே டார்ப்பிடோ சாம்பியன். 1967, 1968 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. கோல் அடிப்பவராகப் போனவர் ஆட்டத்தையே கட்டுபவராகத் திரும்பியதில் அந்தத் தொழிலாளர் அணிக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

கார்க்கி நகரில் நடந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. அங்கே ஆடப்போன தொழிலாளர் அணியில் அவரை இறக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பார்க்க வந்த கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது, செய்தித்தாள்களைக் கொளுத்தியது, மைதானத்தையே எரித்துவிடுவோம் என்றது. பிற்பாதியில் அவரை இறக்கினார்கள். தொழிற்சாலைகளுக்கு இடையிலான ஓர் ஆட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம்.

மேல்மட்டத்தில் இருந்த பொய்யையும் சொல்லத்தான் வேண்டும். சட்டப்படி அந்த நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரரே கிடையாது. முதல்தர ஆட்டக்காரர்கள் ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஊழியராகவோ ராணுவத்தின் அதிகாரியாகவோ பதிவேட்டில் இருந்துகொண்டு, நாள் முழுக்க ஆடிச் சம்பளம் வாங்கினார்கள். கீழ்மட்டத்துக்கும் அந்த வழக்கம் கசிந்தது. பெண்களுக்கு இழைத்த அநீதி இதைவிடப் பெரிது. அவர்களுக்கென்று அனைத்து ஒன்றியச் சாம்பியன் போட்டி 1990இல்தான் வந்தது, நாடு கலைவதற்கு ஓராண்டுக்கு முன்.

இவ்வளவையும் மீறி, நான் மிக உயர்வாக மதிப்பது மாஸ்கோவின் நகரப் போட்டிகளில் இருந்த ‘கிளப் கணக்கு’ முறையை. புரட்சிக்கு முன்பே வேர்விட்ட வழக்கம், சோவியத் காலத்தில் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஒரு கிளப் என்றால் ஓர் அணி அல்ல. முதல் அணி, இரண்டாம் அணி, இளைஞர் அணி, சிறுவர் அணி என்று வரிசை உண்டு. இரண்டு கிளப்புகள் மோதும் நாளில் எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மோதும். காலையில் சிறியவர்கள், மாலையில் முதல் அணி. எல்லா ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டித்தான் எந்தக் கிளப் முதலிடம் என்று தீர்மானிப்பார்கள். முதல் அணியில் மேதைகளாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்ட கிளப் பட்டியலில் கீழே போகும். ஸ்பார்ட்டக்கின் நிறுவனர்களான ஸ்தாரொஸ்தின் சகோதரர்கள் 1920களில் வளர்ந்தது இந்த முறையில். பின்னாளில் ஸ்பார்ட்டக்காக ஆன கிளப்புக்கு 1922இல் பிரேஸ்னியா பேட்டைப் பையன்களே விதை போட்டார்கள்.

அந்த நாளை ஒரு ரசிகனாக எண்ணிப் பாருங்கள். காலையில் உங்கள் மகன் ஆடுகிறான், நடுப்பகலில் தம்பி ஆடுகிறான், மாலையில் ஊரே கொண்டாடும் நட்சத்திரம் ஆடுகிறார். மூவர் அடித்த கோலும் ஒரே கணக்கில் சேர்கிறது. முதல் அணிக்காரர்கள் காலையிலேயே வந்து சிறுவர்களின் ஆட்டத்தைக் கவலையோடு பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அந்தப் புள்ளி அவர்களுக்கும் வேண்டும்.

ஊர்க் கோப்பைகள் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்கி ஒரே அணியை ஜெயிக்க வைக்கும் போட்டிகள் நிறைய நடக்கின்றன. அடுத்த கோடையில் ஒரே ஒரு முறை இந்தக் கணக்கில் நடத்திப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், பதினாறு வயதுக்குட்பட்டோர், பெண்கள், பெரியவர்கள் என்று ஒவ்வொரு ஊரும் நான்கு அணி கொண்டுவரட்டும், புள்ளிகளைக் கூட்டிக் கோப்பையைக் கொடுங்கள்.